குமுளி மலையும் கிழக்கே திரும்பிய ஆறும்

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "இந்த வருடம் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது?" உதகை, கொடைக்கானல் என்னும் இரண்டு பெயர்களைத் தாண்டிப் பெரும்பாலோருடைய நினைவு செல்வதில்லை. அங்கோ மலைச்சாலை முழுவதும் வாகன வரிசை. 2024 மே மாதத்திலிருந்து அவ்விரு ஊர்களுக்கும் செல்ல இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற நிலையும் வந்துவிட்டது. குளிர்காற்று வாங்கப் போய், பாதி நாளை வண்டிக்குள்ளேயே வியர்த்துக் கழித்துத் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ!

அன்பு வாசகர்களே, இவ்வாண்டு உங்கள் பயணத்தைச் சற்றே திசை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லவே இதனை எழுதுகிறேன். தேனியிலிருந்து தெற்கும் மேற்குமாக நீளும் கம்பம் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், மலைமீது, தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் குமுளி என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரே கடைத்தெரு, அதன் இருபுறமும் ஏலக்காய் மணம். ஊரை ஒட்டிக் காடு. காட்டிற்குள் பெரியாறு ஏரியாய் விரிந்து கிடக்கிறது. பார்ப்பதற்கு இனிய ஊர் என்பதற்காக மட்டும் இவ்வூரை நான் பரிந்துரைக்கவில்லை. ஐந்து மாவட்டங்களின் உலையில் அரிசி கொதிப்பதும் கொதிக்காததும் இவ்வூரை அடுத்த மலைக்குள் தேங்கும் நீரைப் பொறுத்திருக்கிறது. அந்த நீரின் கதையை அறிந்து சென்றால் நீங்கள் காணும் காட்சி வேறாகும்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து தேனி ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர். தேனியிலிருந்து குமுளி மேலும் அறுபது. மதுரைக்கும் போடிக்கும் இடையே ஓடிய பழைய மீட்டர்கேஜ் ரயிலை மூத்தோர் பலர் அறிந்திருப்பீர்கள். அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட அந்த ரயில், பதினோராண்டுகளுக்கும் மேலாகத் தேனி மக்களைக் காக்க வைத்துவிட்டு 2022 மே மாதத்தில்தான் தேனிக்கு வந்து சேர்ந்தது. போடிக்கு 2023 ஜூனில் வந்தது. ஆகவே இப்போது ரயிலில் தேனிவரை வந்து, அங்கிருந்து பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். குமுளிக்குப் பேருந்து அடிக்கடி உண்டு. மதுரையிலிருந்து புறப்படுவோருக்கு இது கஸ்ருக்குரிய தூரம்தான். உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ இறங்கி லுஹரை நிறைவேற்றிக்கொள்ளலாம். இப்பள்ளத்தாக்கில் பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை. பெண்கள் தொழுவதற்கு இட வசதி உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேனியைத் தாண்டியதும் சாலையின் இருமருங்கிலும் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். அதுவரை கண்ட ஆண்டிபட்டிக் கணவாயின் வறண்ட பாறையும் கருவேலமும் மறைந்து, நெல்வயலும் தென்னந்தோப்பும் வாழையும் தொடங்கிவிடும். வலப்புறம் ஒரு மலைத்தொடர், இடப்புறம் ஒரு மலைத்தொடர். நடுவில் பச்சைக் கம்பளம் விரித்த தாழ்வாரம்போல் பள்ளத்தாக்கு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் மணிபோல் வரிசையாகக் கோத்து நிற்கின்றன. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் வரலாற்றாசிரியர்கள் அறிந்தவை. உத்தமபாளையத்தின் பாறையில் சமணத் திருமேனிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதே உத்தமபாளையத்தில்தான் 1956இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி நிற்கிறது. மதுரைக்குப் போய்த் தங்கிப் படிக்க வசதியற்ற எத்தனை கிராமத்துப் பிள்ளைகள், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும், அக்கல்லூரியின் வாசலில் நுழைந்து பட்டதாரிகளாக வெளியேறினார்கள் என்பதை இப்பகுதிக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை ஒன்று பிரிகிறது. தேயிலைத் தோட்டங்களும் மேகங்களும் நிறைந்த இடம். அதற்கென்று தனியே ஒரு நாள் வேண்டும், இப்பயணத்தில் சேர்க்காதீர்கள்.

இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர் என்று அரசுக் கணக்கு கூறுகிறது. இத்தனைக்கும் இது மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் மேகங்கள் மேற்கு மலையில் மோதி, அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடுதான் இந்தப் பக்கம் வருகின்றன. மலையின் மேற்கே வெள்ளம்; கிழக்கே வானம் பார்த்த பூமி. இடையில் இருப்பது ஒரு மலைமுகடு மட்டுமே.

பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் பிறந்து, காட்டிற்குள் வடக்கு நோக்கி ஓடி, பிறகு மேற்கே திரும்பி அரபிக்கடலில் கலப்பது. அந்த ஆற்றை மலைமேலேயே மறித்துக் கிழக்கே திருப்ப முடியுமா என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு எழுந்திருக்கிறது. ஆள் அனுப்பி மலையை ஆராயச் செய்தார். பொருள் வசதி போதாமல் கைவிட்டார். 1808இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் இது நடவாத காரியம் என்று எழுதி வைத்தார். பின்னும் பலர் வந்தனர், திட்டம் தீட்டினர், காகிதங்கள் அடுக்கப்பட்டன. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்த பிறகே அந்தக் காகிதங்களுக்கு உயிர் வந்தது.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில இந்திய அரசுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. எண்ணாயிரம் ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய், குத்தகைக் காலம் 999 ஆண்டுகள்! மனிதன் தன் ஆயுளை அறியாதவன். ஆனால் அவன் எழுதும் பத்திரங்களின் ஆயுளைப் பாருங்கள். (1970இல் இருமாநில அரசுகளும் இந்த ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, வாடகையை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தின; மீன்பிடி உரிமை கேரளத்திற்குச் சென்றது.)

1887இல் வேலை தொடங்கியது. பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக். சாலை இல்லாத காடு; யானையும் அட்டையும் மலேரியாவும் நிறைந்த இடம். தொடக்கத்தில் எழுப்பிய தடுப்புகளை மழை வெள்ளம் அடித்துச் சென்றது. மீண்டும் கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த அந்த அணை 1895இல் முடிவுற்று, அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது. முல்லையாறு பெரியாற்றில் கலக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே எழுந்ததால் அதற்கு முல்லைப் பெரியாறு அணை என்று பெயர். ஆனால் நான் பெரிதும் வியப்பது அணையைப் பார்த்தல்ல. தேங்கிய நீரைக் கிழக்கே கொண்டுவர மலையையே குடைந்தார்களே, ஒரு மைலுக்கும் மேற்பட்ட அந்தச் சுரங்கத்தைத்தான். இன்றைய இயந்திரங்கள் இல்லாத காலத்தில், வெடிமருந்தும் உளியும் கொண்டு குடைந்தது அது. மேற்கு நோக்கிப் பிறந்த ஆறு அந்தத் துளையின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பி, வைகையில் கலந்து, இராமநாதபுரம் வரை செல்கிறது.

இந்த வேலையில் காலராவாலும் மலைக்காய்ச்சலாலும் மடிந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத கூலியாட்கள். பென்னிகுயிக் தம் மனைவியின் நகைகளையும் சொத்துகளையும் விற்று அணையைக் கட்டினார் என்று பள்ளத்தாக்கெங்கும் ஒரு செய்தி உலவுகிறது. அணைப் பணியில் இருந்த மெக்கன்சி என்னும் பொறியாளர் 1899இல் எழுதி வெளியிட்ட திட்ட வரலாறோ, இது அரசு தன் செலவில் செய்த பணி என்பதைக் காட்டுகிறது. நகை விற்ற கதையை எழுதப்பட்ட சான்றாகக் கொள்ள முடியாது; மக்கள் தம் நன்றியைச் சொல்லத் தேடிக்கொண்ட ஒரு வடிவமாகக் கொள்ளலாம். அந்த மனிதருக்குப் புகழ் சேர்க்க நகைக்கதை தேவையும் இல்லை. வெள்ளம் அடித்துச் சென்றதை மீண்டும் கட்டிய உறுதி ஒன்றே போதும்.

லோயர்கேம்ப்

கூடலூரைக் கடந்ததும் மலையடிவாரத்தில் வரும் சிற்றூர் லோயர்கேம்ப். அணை கட்டிய காலத்துக் கூடாரங்களின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே அவசியம் இறங்குங்கள். 2013 ஜனவரி 15ஆம் நாள் தமிழக அரசால் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபம் சாலையோரத்திலேயே இருக்கிறது. 1841இல் அதே ஜனவரி 15இல்தான் அவர் புனே நகரில் பிறந்தார். தைப்பொங்கலை ஒட்டி வரும் அந்நாளில் விவசாயிகள் இங்கே கூடி அவரை நினைவுகூர்கிறார்கள். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. தேநீர்க் கடைகளில் அவர் படம் மாட்டியிருப்பதையும் காண்பீர்கள். பிறநாட்டார், பிற சமயத்தார், அடிமை கொண்ட அரசின் அதிகாரி. ஆயினும் நீர் தந்தவரை மக்கள் மறக்கவில்லை. பிள்ளைகளை அந்த மண்டபத்தில் கால்மணி நேரம் உட்காரவைத்து இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். பாடநூலில் ஒரு வரியாகப் படித்தது, மலையை நேரில் பார்த்துக்கொண்டு கேட்கும்போது மனத்தில் இறங்கிவிடுகிறது. சென்ற விடுமுறையில் எங்கள் மாணவர் சிலரை அழைத்துச் சென்றபோது இதை நான் நேரில் கண்டேன். வகுப்பில் கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள், "மலைக்குள்ளே எப்படி அசரத் நேராக் குடைஞ்சாங்க? ரெண்டு பக்கத்துல இருந்தும் தோண்டுனா நடுவுல சரியாச் சந்திக்குமா?" என்று என்னைத் துளைத்தெடுத்துவிட்டார்கள். கலைப்பட்டம் பெற்ற நான் அந்தப் பொறியியல் கேள்விக்கு என்ன விடை சொல்வேன்! அளவைக் கருவிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லி, மீதியை அவர்களுடைய கணித ஆசிரியருக்கு ஒப்படைத்தேன்.

லோயர்கேம்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலைச்சரிவில் நான்கு பெரும் இரும்புக் குழாய்கள் மேலிருந்து கீழ்வரை இறங்கி வருவது தெரியும். சுரங்கம் கடந்த நீர் அவற்றின் வழியே பாய்ந்து, அடிவாரத்து மின் நிலையத்தின் நான்கு இயந்திரங்களைச் சுழற்றிவிட்டுப் பிறகே வயலுக்குச் செல்கிறது. 1950களின் இறுதியில் தொடங்கிய மின் நிலையம் இது. விளக்கெரித்த நீரே நெல்லையும் விளைவிக்கிறது.

இங்கிருந்து மலையேற்றம். ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். குழாய்களைச் சாலையே குறுக்கிட்டுக் கடக்கிறது. வயிறு குமட்டும் பிள்ளைகளுக்கு முன்னதாகவே அதிகம் உண்ணக் கொடுக்காதீர்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை பக்தர்களின் வாகனங்கள் பெருகும்போது கம்பம்மெட்டு வழியாகப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. ஆகஸ்ட் முடிந்து மழை தணிந்த பின்னரும், பிப்ரவரி வரையிலும் மலை பசுமையாக இருக்கும். ஜூன், ஜூலை மழையில் குடையும் அட்டைக்கடியும் உறுதி.

எல்லையில் ஓர் ஊர்

குமுளியின் விந்தை இது: நீங்கள் வந்த தமிழகப் பேருந்து எல்லைக்கு இப்புறம் உங்களை இறக்கிவிடும். சோதனைச் சாவடியைத் தாண்டிச் சில அடிகள் நடந்தால் கேரளம். பெயர்ப்பலகையின் எழுத்து மாறும். காவலர் தொப்பி மாறும். தேநீரின் நிறம்கூட மாறும். மக்கள் மாறுவதில்லை. கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்தவுடன் தமிழில் பேசத் தொடங்கிவிடுவார். இதற்கும் காரணம் உண்டு. பீர்மேடு, தேவிகுளம் தாலுக்காக்களில் தமிழர் மிகுதியாக வாழ்ந்தனர். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தும் அவை கேரளத்திலேயே நின்றன. இன்றும் கம்பம், கூடலூர், உத்தமபாளையத்து ராவுத்தர் குடும்பங்கள் பலவற்றுக்கு மலைமேல் உறவு உண்டு, வணிகம் உண்டு. பெண் எடுத்ததும் கொடுத்ததும் உண்டு. எல்லைக்கோடு வரைபடத்தில் வரையப்பட்டிருக்கிறது. பெருநாள் பலகாரம் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போய்வருகிறது.

கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடியை ஒட்டிய உயரம். உதகையின் நடுக்கும் குளிர் இங்கே இல்லை. கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வருவோருக்கு இதமான குளிர்ச்சிதான். கடைத்தெருவில் ஏலம், மிளகு, கிராம்பு, பட்டை, காப்பி, தேன், நேந்திரங்காய் வறுவல். ஏலக்காய் வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் மயங்காதீர்கள். சாயம் ஏற்றிய காய்கள் பிடிபட்ட செய்திகள் வந்திருக்கின்றன. ஒன்றைப் பிளந்து பாருங்கள்; உள்ளே அரிசி கறுத்துப் பிசுபிசுப்பாக, மணத்தோடு இருக்க வேண்டும். வெளுத்துச் சுருங்கிய அரிசி பழைய காய். விலையும் ஒரு நிலையில் நிற்பதில்லை. 2019இல் ஏல மையத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது. பின்னர் ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. நல்ல ஹலால் உணவகங்கள் எளிதில் கிடைக்கின்றன. பொரிச்ச மீனும் பத்திரியும் கிடைக்கும் கடையைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஊரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில் தேக்கடிப் படகுத்துறை. 1950இல் சரணாலயமாகவும், 1978இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பெரியாறு காட்டிற்குள் அது இருக்கிறது. சொந்த வாகனத்தைக் கீழே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் செல்ல வேண்டும். அந்த வாகன நிறுத்துமிடம் பழைய குத்தகை நிலத்திற்குள் வருகிறதா, இல்லையா என்பதே உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கு என்றால் இங்கே ஒவ்வொரு சாண் நிலமும் எத்தனை கூர்மையானது என்று பாருங்கள்!

படகில் ஏறியதும் முதலில் கண்ணில் படுபவை நீருக்கு மேல் கரிய விரல்களாய் நீட்டி நிற்கும் மரங்கள். அவை அணை கட்டுமுன் இங்கே இருந்த காட்டின் மிச்சம். 1895இல் நீர் ஏறியபோது நின்றபடியே மூழ்கியவை. நீருக்குள் காற்றுப் படாததால் நூற்று முப்பது ஆண்டுகளாகியும் மட்காமல் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். கரையில் காட்டெருமை, மான், காட்டுப்பன்றி. பேறு இருந்தால் யானைக் கூட்டம். யானை வரவில்லை என்று படகோட்டியிடம் சண்டையிடும் பயணிகளை நான் கண்டிருக்கிறேன். காட்டு விலங்கு நம் நுழைவுச்சீட்டைப் பார்த்து வருவதில்லை. அமைதியாக இருந்தால் வருவதற்கு வழியுண்டு. கூச்சலிட்டால் அதுவும் இல்லை.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். உயிர்காப்பு அங்கியைக் கட்டாமல் எவரும் அமராதீர்கள். படகு ஒரு பக்கம் காட்சியைக் கண்டு எல்லோரும் எழுந்து அந்தப் பக்கமே நகராதீர்கள். 2009 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை ‘ஜலகன்னிகா’ என்னும் சுற்றுலாப் படகு இதே ஏரியில் கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள். அந்த அமைதியான நீர்ப்பரப்பைப் பார்க்கும் எவரும் அதை நம்பமாட்டார்கள்.

அணையைப் படகிலிருந்து காண முடியாது. அது ஏரியின் மறுகோடியில், பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருக்கிறது. பயணிகளுக்கு அனுமதி இல்லை.

ஏரிக்கு இரண்டு கரைகள்

காணமுடியாத அந்த அணையைப் பற்றித்தான் இரண்டு மாநிலங்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடுகின்றன. 1979இல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்து பேரழிவு நேர்ந்த பிறகு, சுண்ணாம்புக் காரையில் கட்டிய இந்த அணை தாங்குமா என்ற அச்சம் கேரளத்தில் எழுந்தது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. தமிழகம் அணையின் மேல் கான்கிரீட் பளு ஏற்றியது. இரும்பு வடங்களை உள்ளே செலுத்தி இறுக்கியது. பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பியது. 2006இல் 142 அடிவரை தேக்கலாம் என்றது உச்சநீதிமன்றம். கேரளம் சட்டமியற்றித் தடுத்தது. முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து அணை உறுதியாக இருக்கிறது என்று கூறியது. 2014 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் கேரளத்தின் சட்டத்தைச் செல்லாதென அறிவித்து 142 அடியை உறுதிசெய்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அந்த அளவுக்கு நீர் ஏறியது.

பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் இதில் மறுபேச்சுக்கு இடமில்லை என்று தோன்றும். 136 அடி காலத்தில் இரண்டாம் போகத்தை இழந்து, நிலத்தை விற்று, திருப்பூருக்குப் பிழைக்கப்போன குடும்பங்களை இங்கே எவரும் காட்டுவார்கள். ஆனால் அணைக்குக் கீழே, வண்டிப்பெரியாற்றில், ஆற்றங்கரையில் வீடு கட்டி வாழ்பவரின் இரவையும் நினைத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் மூழ்கியபோது அவர் எப்படி உறங்கியிருப்பார்? நிபுணர் அறிக்கை அவருடைய அச்சத்தைத் தீர்த்துவிடாது. என் எண்ணத்தில், தமிழகத்தின் உரிமை நியாயமானது. அதை நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயினும் உரிமை உள்ளவன் அஞ்சுகிறவனிடம் பேசும் முறை ஒன்று இருக்கிறது. அந்த முறையில் இருதரப்பு அரசியல் மேடைகளும் பேசியதாக நான் அறியவில்லை.

2011 டிசம்பரில் அதன் விலையை மக்கள் கொடுத்தார்கள். வதந்தியும் வன்மமும் மூண்டு, எல்லை வாரக்கணக்கில் அடைபட்டது. கூடலூரிலும் கம்பத்திலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கிப் பேரணியாகச் சென்றார்கள். மலைமேல் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் உயிருக்கு அஞ்சி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக நடந்தே இறங்கினார்கள். கீழே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அணைக்காக அடித்துக்கொண்டார்கள்.

குமுளியில் ஒரு நாள் தங்கினால் விடியற்காலையில் சோதனைச் சாவடிப் பக்கம் நடந்து பாருங்கள். கீழிருந்து ஜீப்புகள் வரிசையாக ஏறி வரும். ஒவ்வொன்றிலும் கொள்ளளவுக்கு மேல் பெண்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. ஏலத்தோட்டத்தில் குனிந்தபடியே செடியின் அடியில் காய் பறிப்பவர்கள் அவர்கள். மாலையில் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்னும் மூன்று வழிகளிலும் நாள்தோறும் இது நடக்கிறது. இந்த ஜீப்புகள் கவிழ்ந்து உயிர்கள் போவதும் அவ்வப்போது செய்தியாகிறது. 2020இல் நோய்த்தொற்றுக்காக எல்லை அடைபட்டபோது இவர்களுடைய அடுப்பும் அணைந்தது. தேநீர்க் கடையருகே ஜீப்புக்காகக் காத்திருந்த முதிய பெண்மணி ஒருவர் என்னிடம் சொன்னார்: "எங்க வயலுக்குத் தண்ணி மேல இருந்து வருது பாய். எங்களுக்குக் கூலியும் மேலதான். அவுகளுக்கு அரிசியும் காய்கறியும் கீழ இருந்து போகுது. சண்டைன்னா இந்த கேட்டை மொதல்ல மூடிப்புடுறாக. மூடுறவுகளுக்கு என்ன, மாசச் சம்பளம்!" ஜீப் வந்துவிட்டது. பதிலுக்குக் காத்திராமல் ஏறிப்போனார்.

திரும்பும்போது மாலை வெயில் இருக்கும்போதே மலையிறங்கிவிடுங்கள். கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்கள் சாலையோரம்வரை நீண்டிருக்கும். கறுநீல நிறத்தில், விதையுள்ள, மணம் வீசும் பன்னீர் திராட்சை. இதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நாட்டின் பிற இடங்களில் ஆண்டுக்கு ஒரு பருவம் கிடைக்கும் பழம், இங்கே ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழுத்துக்கொண்டே இருக்கும். தோட்டத்து வாசலிலேயே எடைபோட்டுத் தருவார்கள். அதற்குப் பாயும் நீரும் காலையில் நீங்கள் படகில் சென்ற ஏரியிலிருந்து வந்ததுதான். நீண்ட நாள் தாங்கும் பழமன்று அது. ஊருக்குக் கொண்டுபோய்ப் பங்கிட்டுக் கொடுக்க எண்ணுபவர்கள் அட்டைப்பெட்டியில் காகிதம் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று நசுங்காமல் அடுக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.